செத்துப்போன இங்கிலீஷ்காரரும் எங்கள் பிள்ளையாரும்

இங்கிலாந்தின் சரித்திரத்தை நான் ஆசைப்பட்டுப் படிக்கப் போகவில்லை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிற இடத்தில், இங்கிலீஷ் பேசப் பழக்கும் வகுப்பு நிரம்பிவிட்டது. டைப்பிங் வகுப்பும் நிரம்பிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து இரங்கி, பழைய காலத்து இங்கிலீஷ்காரரின் அரசியல், சமயம், சமூக வாழ்க்கை என்று ஒரு வகுப்பு நடக்கிறது, அதில் வேண்டிய அளவு இடம் இருக்கிறது, படிக்க வருகிறவர்கள் எல்லோரும் இங்கிலீஷ்காரர்தான், கேட்டுக் கேட்டே பேச்சு வந்துவிடும் என்றாள். ஹீட்டர் நன்றாக வேலை செய்யும் அறை என்றும் சொன்னாள். பகல் முழுவதும் குளிர் அறையில் நின்று முட்டை சாண்ட்விச் பொதி செய்கிறவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஹீட்டருக்காகவே சேர்ந்தேன்.

ஆசிரியர் எலும்பும் தோலுமான மனிதர். முதல் வகுப்பிலேயே, நாம் படிக்கப்போகிறவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள், அதை மட்டும் மறக்காதீர்கள் என்று சொன்னார். எனக்கு அது தேவையில்லாத பேச்சாகப் பட்டது. செத்தவர்கள் என்றால் அவர்களுடைய குணமும் செத்துவிடுமா?

அதுவரை இங்கிலீஷ்காரர் என்றால் வரிசையில் ஒழுங்காக நிற்கிற, காலை மிதித்தாலும் தாங்களே மன்னிப்புக் கேட்கிற ஆட்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வகுப்பில்தான் அவர்களுடைய உண்மையான முகம் தெரிந்தது. ஒரு ராசா, புதுப் பெண்சாதி வேண்டும் என்பதற்காக முழு நாட்டின் சமயத்தையும் மாற்றினார். அவருக்குப் பிறகு வந்த ஒருவர் தேவாலயங்களில் இருந்த சிலைகளை உடைத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார். அடுத்து வந்தவர் மெழுகுதிரியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் அடுத்தவர் பாதியை எடுத்துவிட்டு மீதியை விட்டுவைத்தார். ஊர்ச் சனம் எந்தக் கிழமை எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் முழித்தது.

ராசாக்களின் கூத்தை விட ஊர்ச் சனத்தின் கூத்துத்தான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் வார்டன் என்று ஒருவர் இருப்பார். யார் பிரசங்கத்தில் நித்திரை கொண்டது, யார் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்தது, யாருடைய பெண்சாதி பக்கத்து வீட்டுக்காரியை வாய்க்கு வந்தபடி ஏசியது என்று மேலிடத்துக்குக் கோள் சொல்லுவதுதான் அவருடைய தொழில். கோயிலில் முன்வாங்கு யாருக்கு என்று பெண்கள் பிடித்த சண்டை வழக்குமன்றம் வரை போயிருக்கிறது. இடத்தை விட மாட்டேன் என்று ஒருத்தி மற்றவளின் மடியில் போய்க் குந்தியிருக்கிறாள். இதை ஆசிரியர் சொன்னபோது நான் அடக்க முடியாமல் சத்தம் போட்டுச் சிரித்தேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. போன வெள்ளிக்கிழமைதான் எங்கள் பூசையில் இரண்டு மாமிமார் ஒரு கதிரைக்காக ஒருவர் சீலையை ஒருவர் பிடித்து இழுத்திருந்தார்கள். அதை அவர்களுக்கு எந்த இங்கிலீஷில் விளக்குவது?

இப்படி நான் வாரா வாரம் போய்ப் படித்துக்கொண்டு வர, எங்கள் சனத்துக்குள் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. இங்கிலீஷ்காரரைப் பற்றி வகுப்பு எடுத்துப் படித்தவள் நான் ஒருத்திதான். யாருக்கு அயலட்டையோடு பிரச்சினை வந்தாலும் என்னைக் கேட்டார்கள். ஒரு மாமி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கு இங்கிலீஷ் வருஷப்பிறப்புக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டா. கையுறை கொடுங்கோ, அவர்களுடைய பழைய வழக்கம் அது என்று சொன்னேன். மாமி ஒரு சோடி கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்தா. அந்த மனிசி கட்டிப்பிடித்துக் கொஞ்சினாளாம். நடுக் குளிரில் யார் கையுறை கொடுத்தாலும் கொஞ்சத்தான் செய்வாள் என்று இப்போது தெரிகிறது. அன்று அது என் படிப்பின் வெற்றியாகத்தான் பேசப்பட்டது. நானும் மறுக்கவில்லை.

இனி பிள்ளையாரின் கதைக்கு வருகிறேன். எங்கள் பிள்ளையார் ஒரு காலம் பிளேஸ்டோவில் கோயில் கமிட்டித் தலைவருடைய கராஜில், புல்லு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தை வெள்ளிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்தோம். அடிப்பக்கம் சில்லுப் பூட்டிய பலகையில் அவரை உருட்டிக்கொண்டு வந்து வைப்போம். பூசை முடிந்ததும் உருட்டிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் விட்டுப் பூட்டுவோம்.

என் தங்கச்சியின் கல்யாணமும் அந்த மண்டபத்தில்தான் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் செவன் கிங்ஸ் என்ற பகுதியில் இருந்தார்கள். எதிலும் குறை பிடிக்கத் தெரிந்த குடும்பம். நாள் வைத்து, கார்ட் அடித்து, கொடுத்தும் முடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான், மண்டபத்துக் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பை வைத்திருந்த தேவாலயத்து அம்மா தலைவரிடம் ஒரு சேதி சொன்னா. எங்களைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறதாம். வாசலில் குவிந்திருக்கும் செருப்பு, சாம்பிராணிப் புகை, எண்ணெய் மணம். ஆகவே பாதிரியாரும், தேவாலயத்தின் வார்டனும், தானும் வரும் வெள்ளிக்கிழமை பூசையைப் பார்க்க வருகிறார்களாம். பார்த்த பிறகுதான் மண்டபத்தைத் தொடர்ந்து தருவதா இல்லையா என்று முடிவு.

தலைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, உவையளின்ர மனம் எப்பிடி எண்டு உமக்குத்தான் தெரியும். என்ன செய்தா உவைக்குப் பிடிக்கும்?”

வார்டன் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குள் மணி அடித்தது. வார்டன் என்றால் யார், அவர் எதைப் பார்ப்பார், எதைப் போய்ச் சொல்லுவார் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். எங்கள் வகுப்பில் அந்தத் தவணை, பியூரிட்டன் என்ற கூட்டத்தோடு முடிந்திருந்தது. சிலை கூடாது, விளக்குக் கூடாது, புகை கூடாது, வெறும் சுவரும் நீண்ட பிரசங்கமும் போதும் என்ற கூட்டம். ஆடம்பரம் இல்லாமல் உடுப்பார்கள். விளக்கும் புகையும் வேண்டும் என்று நின்ற ராசாவைப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். தலை விழுந்ததோடு வகுப்புக்கு ஈஸ்டர் விடுமுறை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது அடுத்த தவணைப் பாடம். ஆகவே என் கணக்கில் இங்கிலாந்து அந்த நிலையில்தான் நின்றது.

கமிட்டியைக் கூட்டிச் சொன்னேன். பிள்ளையாரை மறைக்க வேண்டும். விளக்கு, மணி, கற்பூரம் ஒன்றும் கண்ணில் படக்கூடாது. எல்லோரும் கறுப்பு உடுக்க வேண்டும். ஒருவர் நீளமாகப் பிரசங்கம் செய்ய வேண்டும், மற்றவர்கள் நித்திரை கொள்ளாமல் கேட்க வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்கவும் வேணுமோ என்று தலைவர் கேட்டார். சுவர் ஏற்கெனவே வெள்ளைதான் என்று சொல்லித் தடுத்தேன்.

கறுப்புக்குத்தான் பெரிய சண்டை. நல்ல வெள்ளிக்கிழமையில் கறுப்பு உடுத்திக் கோயிலுக்குப் போவதா என்று மாமிமார் கொதித்தார்கள். பிள்ளையாரை ஒளிப்பது பற்றி அவர்களுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. சீலைதான் வருத்தம். கல்யாணப் பெண் கறுப்பு உடுத்தினாள் என்று செவன் கிங்ஸுக்குக் காற்றோடு போனால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் தங்கச்சி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“அக்கா, கார்ட் முழுக்கக் குடுத்தாச்சு. இந்த ஹோல் இல்லையெண்டா அவை கல்யாணத்தைத் தள்ளிப் போடுவினம், பிறகு என்ன சொல்லுவினமோ தெரியாது. நீங்கள் படிச்சதை நம்பித்தான் நான் கறுப்பு உடுக்கிறன்.”

அவள் அந்த மாப்பிள்ளையை உண்மையாகவே விரும்பியிருந்தாள், அது எனக்குத் தெரியும். ஆனால் படித்தவள் என்று பெயர் எடுத்த பிறகு பயத்தை முகத்தில் காட்டலாமா? ஒன்றுக்கும் யோசிக்காதே, இவர்களை எனக்கு ராசா காலத்தில் இருந்து தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

பிரசங்கத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எங்களுக்குள் ஒரு மாமா இருந்தார். ஊரில் தமிழ் வாத்தியார். எந்த விழாவிலும் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. அதனால் பல வருஷமாக ஒருவரும் கொடுப்பதில்லை. வேண்டிய நேரம் பேசுங்கோ, மணி அடிக்க மாட்டோம் என்று சொன்னதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய காலத்தில் பிரசங்க மேடையில் மணல் கடிகாரம் வைத்திருப்பார்கள், மணல் முடிந்தாலும் சனம் விடாமல், இன்னொரு தரம் கவிழ்த்துப் பேசுங்கள் என்று கேட்குமாம் என்று வாய் தவறி அவருக்குச் சொல்லிவிட்டேன்.

ஐயர்தான் முறுக்கிக்கொண்டார். பிள்ளையாரை மண்டபத்தின் குசினிக்குள் உருட்டிக்கொண்டு போய், மேசை விரிப்பால் மூட ஆயத்தமானோம். ஐயர் அந்த விரிப்பைப் பறித்து எறிந்தார். தானும் குசினிக்குள் போய்ச் சாமிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். பிள்ளையாரைத் தனிய விட்டிட்டு வரமாட்டன், நீங்கள் உங்கட நாடகத்தை ஆடுங்கோ என்றார். இதுவும் பாடத்தில் இருந்தது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்தக் காலத்தில் பழைய சமயத்துப் பாதிரிமாரைச் சுவருக்குள் அறை கட்டி ஒளித்து வைப்பார்களாம். நாங்கள் ஐயரைத் தேத்தண்ணிக் கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒளித்தோம். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே சாப்பாடு எடுத்துக் கொடுக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. அதன் தகரக் கதவை இழுத்து மூடினோம்.

மூன்று பேரும் வந்தார்கள். பாதிரியார் குண்டாக, சிரித்த முகமாக, தோளில் கமரா தொங்க வந்தார். வார்டன் ஒட்டிய கன்னமும் கறுப்பு சூட்டுமாக ஒரு கிழவர். அவரைக் கண்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. எல்லோரும் செத்துப்போனவர்கள் என்று சொன்ன ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்து இவரைக் காட்டியிருக்க வேண்டும். திறப்பு அம்மா எங்களைப் பார்த்தவுடன் வாயைப் பொத்திக்கொண்டா. வெறும் சுவர், வெறும் மேசை, கறுப்பு உடுத்தி வரிசையாக இருக்கும் சனம். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு மாமியின் கையையும் பிடித்துத் தன் அனுதாபத்தைச் சொல்லிக்கொண்டு வந்தா. மாமிமார் சிரித்த முகத்தோடு தாங்க்யூ சொன்னார்கள். புருஷனின் கறுப்பு ஓவர்கோட்டுக்குள் புதைந்திருந்த ஒரு மாமி, வந்ததுக்குச் சந்தோஷம் என்றா.

மாமா எழுந்தார். மேசையில் ஒரு சின்ன மணல் கடிகாரத்தை வைத்தார். முட்டை அவிக்கிற நேரம் பார்க்க வைத்திருப்பது அது. மணல் விழுந்து முடிய மூன்று நிமிஷம். மாமா அதை முடிய முடியக் கவிழ்த்தார், ஒவ்வொரு முறை கவிழ்த்ததும் புதுப் பலம் வந்தவராகப் பேசினார். உலகம் தோன்றியதில் தொடங்கினார். பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், கடைசியில் மெதுவாக என் பக்கம் குனிந்து, உங்கள் யானை எங்கே என்று கேட்டார். இது பொறி வைக்கிற கேள்வி என்று நினைத்து, எங்களுக்கு யானை இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருடைய முகம் வாடிவிட்டது.

மாமா தன் பேச்சில் மலைகளைத் தாண்டிக் கடலுக்கு வந்துகொண்டிருந்த வேளையில் பூசை நேரம் வந்தது. எங்கள் ஐயருக்குக் கோபம் வேறு, பூசை வேறு. குசினிக்குள் மணி கணீரென்று அடிக்கத் தொடங்கியது. மாமா திகைத்து நின்றார். தனக்குத்தான் பேச்சை நிறுத்தச் சொல்லி மணி அடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம். அடுத்த நிமிஷம் தகரக் கதவு கடகடவென்று மேலே போனது. ஜன்னலுக்குள் பிள்ளையார். ஒரு பக்கம் கொதிகலன், மறு பக்கம் அடுக்கி வைத்த கோப்பைகள், முன்னால் ஐயர் கற்பூரம் காட்டிக்கொண்டு நின்றார். எங்கள் சனம் தன்னை அறியாமல் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் மட்டும் எழும்பவில்லை. கல்யாணம் போய்விட்டது என்று நினைத்தேன். தங்கச்சி கையெடுத்துக் கும்பிட்டபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

பாதிரியார் துள்ளி எழுந்தார். ஜன்னலடிக்கு ஓடிப் போய்ப் படம் எடுத்தார், மணியை ஒருமுறை அடித்துப் பார்க்கலாமா என்று ஐயரைக் கேட்டார். பிறகு வார்டனின் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா, புகையும் மணியும் இருந்தால்தான் வழிபாட்டுக்கு உயிர் வருகிறது, இதைத்தானே நான் உங்களிடம் இவ்வளவு காலமாகக் கெஞ்சிக் கேட்கிறேன் என்றார். கிழவர் சும்மா இருக்கவில்லை. இந்தக் கதவு திறக்கும் வரை நடந்ததுதான் இந்தக் கட்டடத்தில் தான் பார்த்த மிக நல்ல வழிபாடு, வெறும் மேசை, அடக்கமான உடுப்பு, பொறுமையாகக் கேட்கிற சனம், நீங்கள் கெடுத்து வைத்திருக்கிற எங்கள் சபையில் இதைக் காண முடியுமா என்றார். பேச்சு மெழுகுதிரிக்குப் போனது. தேவாலயத்து மேசையை எந்தத் திசையில் போடுவது என்பதற்குப் போனது. எங்கள் வகுப்பில் படித்த அதே சண்டை, ஒரு சொல் பிசகாமல். ராசாவின் தலை போயும் அந்தச் சண்டை முடியவில்லை என்பதை நான் அடுத்த தவணைக்குக் காத்திராமலே படித்துக்கொண்டேன்.

தலைவர் மெல்ல என்னிடம் வந்தார். “உவை எங்களைப் பற்றியோ கதைக்கினம்?”

“இல்லைத் தலைவர். இது அவையின்ர கமிட்டிச் சண்டை.”

அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஊரை விட்டு வந்த பிறகு அவர் அப்படி நிம்மதியாக நின்று நான் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் இருத்தி, வடையும் தேத்தண்ணியும் கொடுக்கச் சொன்னார். கமிட்டிச் சண்டைக்கு என்ன மருந்து என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மண்டபம் கிடைத்தது. பாதிரியார் பிள்ளையாருக்காகச் சம்மதித்தார், கிழவர் பிரசங்கத்துக்காகச் சம்மதித்தார், திறப்பு அம்மா வடைக்காகச் சம்மதித்தா. ஆனால் கிழவர் ஒரு விஷயத்தை இறுக்கிச் சொன்னார். மண்டபத்துக் கூரையில் புதிதாகப் புகை அலாரம் பூட்டியிருக்கிறது. அது அடித்தால் எல்லோரும் வெளியே போக வேண்டும், தீயணைப்பு வண்டி வரும், அதன் பிறகு மண்டபம் இல்லை. கல்யாணத்தில் ஓமம் வளர்க்க வேண்டுமே என்று தங்கச்சி முணுமுணுத்தாள். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்றைக்குத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். எங்களுக்கு மறுபடியும் நித்திரை போனது.

கல்யாணத்தன்று எல்லோருக்கும் முன்னமே அவர் வந்துவிட்டார். அதே கறுப்பு சூட், கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின். பரிசு கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து வாங்கப் போன தலைவருக்கு டின்னைக் கொடுக்கவில்லை. மணவறையைச் சுற்றி வந்து, கூரையைப் பார்த்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரமாக இருந்தார். பாதிரியார் முன்வரிசையில், ஒரு மாமி விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்ற இடத்தில், கமராவோடு இருந்தார்.

ஐயர் நெய்யை ஊற்றினார். புகை எழுந்தது. சுற்றி இருந்த எங்கள் பக்கத்துச் சனம் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தது. புகை நேரே அந்த வெள்ளை வட்டத்தை நோக்கிப் போனது. அப்போது கிழவர் எழுந்தார். கதிரையில் ஏறினார், டின்னைத் திறந்து, பிஸ்கட்டைத் திறப்பு அம்மாவின் மடியில் கொட்டினார், வெறும் டின்னைக் கவிழ்த்து அலாரத்தை மூடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார். புகைக்காக வாதாடிய பாதிரியார் கண்ணும் மூக்கும் ஒழுக, இருமிக்கொண்டு வெளியே ஓடினார். புகையே கூடாது என்ற மனிதர் தாலி கட்டி முடியும் வரை கையை இறக்கவில்லை. கதிரை ஆடத் தொடங்கியது. நான் போய்க் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வடைத் தட்டைக் கொடுத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அந்த மணல் கடிகாரக்காரர் மறுபடி எப்போது பேசுவார் என்று அவர் திருப்பிக் கேட்டார். மாமாவிடம் போய்ச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று சொல்லி மாமா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாண அல்பம் வந்தது. தாலி கட்டுகிற படம் நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் கை, தங்கச்சியின் குனிந்த தலை, ஐயரின் முதுகு. எல்லோருக்கும் பின்னால், கதிரையில் ஏறிக் கூரைக்குப் பிஸ்கட் டின்னைக் கொடுத்துக்கொண்டு நிற்கும் கறுப்பு சூட்டுக் கிழவர். செவன் கிங்ஸில் சம்பந்தி அம்மா அந்தப் படத்தில் விரலை வைத்து, நாலு பேர் பார்க்கிற படத்தில் இப்படி நிற்கிற இந்த ஆள் யாருடைய பகுதி, எங்கட மாப்பிள்ளைப் பகுதியில் இப்படி ஒருவரும் இல்லையே என்று கேட்டா. வெட்டி எடுத்துவிட்டு வேறு பிரதி போடலாம் என்றும் சொன்னா. நான் எனக்குத் தெரிந்த சரித்திரத்தை எல்லாம் சேர்த்து விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். தங்கச்சி என்னை முந்திக்கொண்டாள்.

“வெட்ட ஏலாது மாமி. அவர் பொம்பிளைப் பகுதி.”